அதுல ஒண்ணுமில்லீங்க

லேப்டாப்புக்குப் புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பது அரை நாள் வேலை. அதற்காக வருகிறவர்களிடம் வாய் கொடுத்து மீள்வது தனி வேலை, அதற்கு பில் போட முடியாது.

மிக்ஸி பழுது பார்ப்பவர்களே, டிவி மெக்கானிக்குகளே, பிளவுஸ் தைப்பவர்களே, இதை உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். "நீங்க கை வைக்கறதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்துச்சு" என்பதை வாரம் ஒரு முறையாவது கேட்டு வயிறு எரிந்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். மற்றவர்கள் "இதுக்கெல்லாமா கோபப்படுவாங்க" என்பார்கள். ஆமாம், இதுக்கெல்லாம்தான்.

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லை ஊர் கொல்லங்கோடு. அதன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. லேப்டாப் நான் பார்க்கிறேன், போனை என் கூட்டாளி மணி பார்க்கிறான். கடை இருவருக்கும் பொது. ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணான என்னைத் தாண்டி, டீ குடித்துக்கொண்டிருக்கும் மணியிடம் போய், "மெக்கானிக் நீங்களுங்களா?" என்று கேட்பார்கள். அதற்குக் கோபப்படுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இருக்கிற கோபத்தைச் சேர்த்து வைத்துச் செலவழித்தது போன நவராத்திரியில், ஒரே ஒரு லேப்டாப்பின் மேல்.

வாங்கிக் கொடுத்தவர்

அதைக் கொண்டுவந்தவர் சாமியப்பன். முதலமடைப் பக்கம் மாந்தோப்பு உள்ளவர். லேப்டாப்பை உரச் சாக்கில் தைத்த பையில் போட்டுக் கொண்டுவந்தார். அந்தப் பையில் ஏற்கெனவே என்ன இருந்தது என்பதை மேசை மேல் கொட்டிய வெள்ளைத் தூளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "ஆன் பண்ணிப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாலும் சுத்திட்டே கெடக்குதுங்க" என்றார் மணியிடம். மகள் கவிதாவுக்கு நவமி அன்று காலை பத்து மணிக்குப் பரீட்சையாம். வீட்டிலிருந்தே எழுதுவதாம். பூனாவில் ஏதோ கம்பெனியாம், வேலைக்கு அபேட்சை, அதாவது விண்ணப்பம், கொடுத்திருக்கிறாளாம். பழைய விண்டோஸில் அந்தப் பரீட்சை திறக்கவே திறக்காதாம்.

நான் எழுந்து வந்து சொன்னேன். உள்ளே இருப்பது தட்டு சுற்றுகிற பழைய டிஸ்க். ஆயுசு முடியப்போகிறது, டிக் டிக் என்று சத்தமும் வருகிறது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் உள்ளே எதுவும் சுற்றாது, வேகம் வரும். விண்டோஸைப் புதிதாக ஏற்ற வேண்டும். பழையதில் என்னென்ன வேண்டும் என்று சொன்னால் எடுத்து வைத்துவிடுவேன். எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அவர் மணியைப் பார்த்துப் பதில் சொன்னார்: "அதுல ஒண்ணுமில்லீங்க. தொடச்சுப் போட்டுருங்க."

எங்கள் தொழிலில் இதைவிட ஆபத்தான பேச்சு கிடையாது. ஒன்றுமில்லாத லேப்டாப்பை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒன்றுமில்லை என்று சொல்கிறவர் அதைத் திறந்தே பார்க்காதவராகத்தான் இருப்பார். மகளுடைய நம்பரைக் கேட்டேன். புள்ளைகள் நம்பரைக் கடைகளில் கொடுக்கும் பழக்கமில்லை என்றார். அப்படியானால் வீட்டுக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவகிட்ட என்னத்தக் கேக்கறதுங்க? வாங்கிக் குடுத்தது நானுங்களே!"

மூச்சிரைக்க வந்தவள்

மறுநாள் மதியம் ஒரு பெண் கடைக்குள் ஓடி வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். செருப்பின் வார் ஒன்று அறுந்து கையில் இருந்தது. என்னைப் பார்த்து நேரே வந்து, "அக்கா, அழிச்சுட்டீங்களா?" என்றாள். நான் யார், மெக்கானிக் யார் என்று கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

யார் வந்து என்ன சொன்னாலும் பழைய டிஸ்க்கை நான் துடைப்பதில்லை. கழற்றி, பேர் எழுதி, கவரில் போட்டுவிடுவேன். அந்தக் கவரை எடுத்துக் காட்டியதும்தான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். டிகிரி முடித்ததிலிருந்து அப்பாவின் தோப்புக் கொட்டகையில், செட்டு என்பார்கள், மாங்காய்ப் பெட்டி எண்ணி எழுதுவதுதான் அவள் வேலை. சம்பளம் கிடையாது. சொந்தப் பெண்ணுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? அந்தப் பெட்டிகளைத் தரம் பிரித்துக் கணக்கு வைக்கத் தானே படித்துத் தானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள். பரீட்சையில் இரண்டாவது பாகமே அதைத் திறந்து காட்டி விளக்குவதுதான். அது இருந்தது டெஸ்க்டாப்பில், 'நியூ போல்டர் த்ரீ' என்ற பேரில். இந்தப் பரீட்சை தவறினால் அந்தக் கம்பெனி அடுத்த வருஷம்தான் மறுபடி எழுத விடும். அதுவரை மாங்காய்ப் பெட்டிதான்.

எனக்கு அவள் அப்பாவின் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அவளோ கோபப்படக்கூட இல்லை. நம்ப முடியாமல்தான் கேட்டாள்.

"நெசமாவே அப்பா ஒண்ணுமில்லைன்னுங்களா அக்கா சொன்னாரு? செட்டுல தெனமும் அதைப் பாத்துட்டுத்தானுங்களே பெட்டி அனுப்பறாரு?"

மஸ்கட்டிலிருந்து ஒரு பாடம்

புது டிஸ்க்கில் விண்டோஸ் ஏறி முடிந்ததும் அக்கவுண்ட் கேட்கும். கவிதாவின் லேப்டாப்பில் இத்தனை நாளும் இருந்தது மஸ்கட்டில் வேலை செய்யும் அவளுடைய அண்ணனின் அக்கவுண்ட். வாங்கிய அன்றைக்கு அவர் போட்டுக் கொடுத்தது. இவளுக்குப் பாஸ்வேர்டு தெரியாது. அவருக்கும் மறந்துவிட்டது. சரி, ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றால், வீடியோ காலில் வந்து உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். ஏன் புதிதாக ஏற்றினாய், ஏன் குளோன் பண்ணவில்லை, எந்தக் கம்பெனி டிஸ்க், பெட்டியைக் காட்டு. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தால் அதிலிருக்கும் கோளாறும் சேர்ந்து வரும் என்றேன். "யூடியூப்ல ஒரு பையன் பாட்டுப் போட்டுட்டே அஞ்சு நிமிசத்துல முடிச்சுட்டானுங்க" என்றார். அந்தப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து இங்கே உட்கார வைக்கத் தோன்றியது.

அவர் பேசி முடித்து ஓடிபியைப் பார்ப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்புவேன், மறுபடி பாடம். மூன்றாவது தடவை, "டியூட்டிக்கு நேரமாச்சு, ராத்திரி பேசறேன்" என்று வைத்துவிட்டார். நான் லேப்டாப்பைக் கொஞ்சம் பலமாகவே தள்ளினேன். "இது யாருடைய லேப்டாப்?" என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. மணி போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். கவிதா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு, கடன் கேட்பவளைப்போலத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, என்ற சொந்தப் பேர்லயே போட்டுக்கலாங்களா?"

ரேக்ளாக் காளை

பழைய டிஸ்க்கிலிருந்து நகல் எடுப்பது, உடம்பு சரியில்லாதவருக்குக் கஞ்சி ஊட்டுவதுபோலத்தான். கொஞ்சம் கொடுத்தால் நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி கொஞ்சம். கவிதாவின் நியூ போல்டரை முதலில் எடுத்தேன். முழுசாக வந்தது. திறந்து பார்த்துச் சரிதான் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

சாயங்காலம் மணியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது, அவ்வளவு பதற்றம். சாமியப்பன்தான். ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் அவருடைய காளைகள் முதலாவதாக வந்த வீடியோ அந்த லேப்டாப்பில் இருந்ததாம். தங்கச்சி மகன் தன் போனிலிருந்து ஏற்றி வைத்ததாம். எங்கே, எங்கே என்றார். நான் போனைப் பிடுங்கினேன். "அதுல ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே? தொடச்சுப் போடச் சொன்னீங்களே? பெத்த பிள்ளை எழுதினது ஒண்ணுமில்லை, காளை ஓடினது மட்டும் இருக்குதுங்களா?" என்று சத்தம் போட்டேன். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருக்கு என் கோபம் எந்த இடத்திலும் ஒட்டவில்லை. நிஜமாகவே புண்பட்ட குரலில் பதில் வந்தது. (வீடியோவை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன். காளைகள் என்ன பாவம் செய்தன?)

"அது காளைங்க! காளையப் போயி ஒண்ணுமில்லைன்னு நான் எங்கீங்க சொன்னேன்?"

பூஜைக்கு நேரமாச்சு

எங்கள் பக்கத்தில் அஷ்டமி சாயங்காலம் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். பிள்ளைகளின் புத்தகம், கொத்துவேலைக்காரரின் கரணை, டிரைவரின் சாவி, இப்போது லேப்டாப்பும். சரஸ்வதி படத்துக்கு முன் வைத்த எதையும் விஜயதசமி காலையில் பூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும். நடுவில் வருவது நவமி. கவிதாவின் பரீட்சை நவமி. பூனாக்காரர்களுக்கு இந்த வழக்கமெல்லாம் யார் சொல்வது? ஆகவே அஷ்டமி மதியம் நானும் அவளும் பேசிவைத்தோம். சாயங்காலம் அவளே வருவாள், பரீட்சை சாப்ட்வேரில் கேமராவைச் சோதித்துப் பார்ப்போம், லேப்டாப்பை அவள் பைக்குள் வைத்து எடுத்துப்போவாள், பூஜைப் பக்கமே காட்டமாட்டாள்.

நான் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. சாமியப்பன் வந்திருக்கிறார், லேப்டாப்பை மணி எடுத்துக் கொடுத்திருக்கிறான். "சாமி காரியமின்னு கேட்டாருங்க அக்கா. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றான். மாட்டேன் என்று தமிழிலும் சொல்லலாம், மலையாளத்திலும் சொல்லலாம், வாயைத் திறக்காமல் தலையை ஆட்டியும் சொல்லலாம். நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்துப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். உடனே வண்டியில் போய்க் கேட்கலாம், அங்கேயே கேமராவைச் சோதித்துவிடலாம் என்று சாமான்களை எடுக்கத் திரும்பினால், என் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தாம்பாளத்தில் வரிசையாகப் படுத்திருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனப் பொட்டோடு. நான் கை நீட்டினேன். மணி குறுக்கே வந்து நின்றான்.

"தொடாதீங்க அக்கா, பூஜைக்கு வெச்சாச்சு!"

வைத்ததும் எடுத்ததும்

சாமான் இல்லாமல் போய் என்ன செய்வது என்று நான் அன்று போகவில்லை. வீட்டில் அன்று இரவு என்ன நடந்தது என்பதைக் கவிதாவின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூஜையிலிருந்து எடுக்கக் கூடாது என்று அப்பா. பரீட்சை என்று மகள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் போனில் அப்பா பக்கம். அவ்வளவு தூரத்திலிருந்து சாஸ்திரம் சொல்ல மட்டும் அவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது. மகள் அழுதுகொண்டே படுத்துவிட்டாள்.

காலையில் அந்த அம்மா குளித்துவிட்டு வந்து, விளக்கை ஏற்றி, சூடம் காட்டி, புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்பை மட்டும் எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டார். சாமியப்பன் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர், வாயில் நுரையோடு ஓடி வந்திருக்கிறார். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"நெதமும் அந்தச் சாமிக்கு வெளக்கு வெக்கறவ நானு. எடுக்கலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியாதுங்களா?"

பொட்டு

எனக்குப் போன் வந்தது ஒன்பது மணிக்கு மேல். "அக்கா, கேமராவுல ஒண்ணுமே தெரியலீங்க, பொகை மூட்டமாட்டம் இருக்குது. மூஞ்சி தெரிஞ்சாத்தான் பரீட்சை தொறக்குமாமா" என்றாள் கவிதா. சோதிக்காமல் விட்ட ஒரே பாகம் கேமரா. என் வேலையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் மணியைத் திட்டினேன், பிறகு என்னைத் திட்டினேன்.

வாசலிலேயே சாமியப்பன். நீங்கள் எதிர்பார்த்த வசனத்தையேதான் சொன்னார். நான் கை வைப்பதற்கு முன்னால் கேமரா நன்றாகத்தான் இருந்ததாம். அதோடு நிற்கவில்லை. பூஜையிலிருந்து எடுத்ததற்குச் சாமி காட்டிவிட்டது என்றும் சொன்னார். ஒரு கோளாறுக்கு நானும் சரஸ்வதியும் கூட்டுக் குற்றவாளிகள். பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே ஓடினேன்.

கவிதா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். திரைக்கு மேலே, கருப்புச் சட்டத்தில், சரியாக நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். இரவெல்லாம் காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது. பதற்றத்தில் அதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பொட்டு அதன் இடத்தில்தானே இருக்கிறது! கண்ணாடி துடைக்கும் துணியை லேசாக நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். அதற்குக் கீழே கேமரா கண் திறந்தது. திரையில் கவிதாவின் முகம் வந்தது, அழுது வீங்கிய கண்ணோடு.

நான் திரும்பி, "வெச்சது யாரு?" என்றேன். அந்த அம்மா கணவரைப் பார்த்தார். மூடியைத் திறந்து, பார்த்துப் பார்த்து, தன் கையாலேயே வைத்திருக்கிறார் சாமியப்பன். என் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. அவரோ நியாயம் கேட்கிற ஆளாக நின்றார்.

"பொட்டை நெத்தியில வெக்காம வேற எங்கீங்க வெக்கறது?"

கதவு

பத்து மணிக்குச் சில நிமிஷங்கள் இருந்தன. சாப்ட்வேர் முகத்தைப் பார்த்துக்கொண்டது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. கவிதா லேப்டாப்பைத் தூக்கி நாலு பக்கமும் காட்டினாள். திரையில் சிவப்பில் ஏதோ வந்தது. அவள் வாசித்தாள்: தேர்வு எழுதுபவரைத் தவிர அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, இருந்தால் தேர்வு ரத்தாகும்.

நான் வெளியே வந்தேன். அந்த அம்மா வந்தார். சாமியப்பன் மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் எழுதுவதைப் பார்க்க வேண்டுமாம். எழுந்து போகச் சொல்கிறது என்றேன். யார் சொல்கிறது என்றார். லேப்டாப் சொல்கிறது என்றேன். "என்ற ஊட்டுல, நான் வாங்கிக் குடுத்த மிசினு, என்னையே வெளிய போகச் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு, எனக்காக இல்லை, மகளுக்காகக் காத்திருந்தார். வழக்கமாக அந்த வீட்டில் அந்த இடத்தில் ஒரு "இல்லீங்கப்பா" வரும்போலிருக்கிறது. அது வரவில்லை. கவிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"ஆமாங்கப்பா. கதவைச் சாத்திட்டுப் போங்க."

மறுபடியும் உரச் சாக்கு

வேலை கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைத்தது. வீட்டிலிருந்தே வேலை. கம்பெனி புது லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பியது. தோப்புச் செட்டில் இப்போது பெட்டி எண்ண ஆள் தேடுகிறார்கள், சம்பளத்துக்கு.

இதை எனக்குச் சொன்னது கவிதா இல்லை. சாமியப்பன்தான், நேரில், அதே உரச் சாக்குப் பையோடு. மகள் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்துக் கம்பெனி லேப்டாப்பைத் தூக்கி வந்திருந்தார். திரை பெரிசாக இருக்கிறதாம். மணி டீயைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தடவை வாயைத் திறந்து, "மெக்கானிக் அக்கட்டால இருக்காங்க" என்று என்னைக் காட்டினான். நான் அதற்குள் கவிதாவுக்குப் போன் அடித்துவிட்டேன். அவர் மேசையின் மேல் வெள்ளைத் தூளோடு லேப்டாப்பை வைத்து, முகம் நிறையச் சிரித்தார்.

"புதுசுங்க, அதுல ஒண்ணுமில்லீங்க. நம்ம காளைய மட்டும் ஏத்திக் குடுங்க!"

டிஸ்க்கை மாற்ற எந்தெந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. இந்த மனுஷர் எந்த ஸ்க்ரூவில் நிற்கிறார் என்றுதான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.